முந்துவது வேறு, வெல்வது வேறு

போட்டி இல்லாத இடம் உலகில் ஏது? ஓட்டப் பந்தயத்தில் போட்டி, பேச்சு மேடையில் போட்டி, வகுப்பில் முதல் இடத்துக்குப் போட்டி. வாணிக உலகில் போட்டி உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? போட்டி நல்லதா, தீயதா என்று பட்டிமன்றம் நடத்தினால் இரு தரப்புக்கும் கைதட்டல் கிடைக்கும். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பந்தயத்தில் ஓடுபவன் யாரைப் பார்த்து ஓட வேண்டும்? பக்கத்தில் ஓடுபவனையா, தான் போய்ச் சேர வேண்டிய எல்லையையா?

இந்தக் கேள்விக்கு விடை தரும் கதை ஒன்று அண்மைக் கால வரலாற்றில் இருக்கிறது. வீடியோ விளையாட்டுக் கருவிகளை விற்கும் மூன்று பெரும் நிறுவனங்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் தொடங்கிய விற்பனைப் போட்டியே அது. விளையாட்டுப் பொருளைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எண்ண வேண்டாம். அந்தப் போட்டியில் ஒரு தாயின் உயிரும் போயிற்று. ஆகவே சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் இந்த வாணிகத்தின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்வோம். வீடியோ விளையாட்டுக் கருவி என்பது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் ஒரு சிறு கணிப்பொறி. ஒரு நிறுவனத்தின் கருவிக்கென எழுதப்பட்ட விளையாட்டு, மற்றொரு நிறுவனத்தின் கருவியில் ஓடாது. கருவியை மிகக் குறைந்த இலாபத்துக்கோ, சில வேளைகளில் நட்டத்துக்கோ கூட விற்பார்கள். பிறகு விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பங்கு அவர்களுக்கு வந்து சேரும். எந்தக் கருவி அதிக வீடுகளில் இருக்கிறதோ, அதற்கே விளையாட்டு எழுதுவோர் விரும்பி எழுதுவர். எந்தக் கருவிக்கு விளையாட்டுகள் அதிகமோ, அதையே மக்களும் வாங்குவர். எனவேதான் புதுக் கருவி வெளிவந்த முதல் நாளிலிருந்தே, யார் எத்தனை விற்றார் என்ற கணக்கு அவர்களுக்கு உயிர் மூச்சாகிவிடுகிறது.

களத்தில் நின்ற மூவரையும் பாருங்கள். ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனம் அன்று முடிசூடிய மன்னன். 2000இல் அது வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2 கருவி, தன் ஆயுட்காலத்தில் 15 கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் புதிய வரவு. 2001இல் வந்த அதன் எக்ஸ்பாக்ஸ் கருவி ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம்தான் விற்றது. மூன்றாவது நின்டெண்டோ. 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம் அது. 2001இல் அது வெளியிட்ட கேம்கியூப் கருவியோ 2 கோடியே 20 லட்சத்தைக் கூட எட்டவில்லை.

சோனியை எப்படியாவது முந்த வேண்டும் என்பது மைக்ரோசாப்ட்டின் நோக்கம். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற புதுக் கருவியை 2005 நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பி, சோனியை ஓராண்டு முந்திக்கொண்டது. முந்தியது உண்மை, ஆனால் நடந்தது என்ன? கருவி சூடாகி ஆறும்போது உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் கண்டன. முகப்பில் சிவப்பு விளக்குகள் வளையமாக எரிந்தால், கருவி செத்துவிட்டது என்று பொருள். இப்படிப் பழுதான கருவிகள் ஏராளம். 2007 சூலையில் அந்நிறுவனம் உத்தரவாதக் காலத்தை மூன்றாண்டாக நீட்டிக்க நேர்ந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்! அப்பெரும் செலவைத் தானே ஏற்றதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் "பதறாத காரியம் சிதறாது" என்ற நம் பாட்டிமாரின் வாக்கு அங்கேயும் பொருந்திற்று அன்றோ?

சோனி செய்தது வேறு வகைப் பிழை. வலிமையில் தன்னை எவரும் நெருங்கக் கூடாது என்று அது எண்ணிற்று. ஐ.பி.எம்., தோஷிபா நிறுவனங்களோடு சேர்ந்து புதிதாக ஒரு செயலியை உருவாக்கிற்று. அன்று புதுமையாக இருந்த புளூ-ரே தட்டை ஓட்டும் கருவியையும் உள்ளே வைத்தது. பிளேஸ்டேஷன் 3 என்ற அக்கருவி 2006 நவம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் விலை 499 டாலர். உயர்ந்த வகையின் விலை 599 டாலர். அந்த விலைக்கு விற்றும் சோனிக்கு ஒவ்வொரு பெட்டியிலும் நட்டம்! புதுவகைத் தட்டுக்கான உறுப்பு போதிய அளவில் கிடைக்காததால், ஐரோப்பிய மக்கள் 2007 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வலிமை இருந்தது, வாங்குபவரின் கைக்கு எட்டும் விலை இல்லை. அகலக்கால் வைத்தால் இப்படித்தான்.

இனி மூன்றாமவரிடம் வருவோம். நின்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாட்டாவும் அவர் குழுவினரும், மற்ற இருவரோடு வலிமையில் மோதவில்லை. "இதுவரை விளையாடாதவர்கள் யார், அவர்கள் ஏன் விளையாடவில்லை?" என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கைப்பிடியில் இத்தனை பொத்தான்களைக் கண்டாலே அம்மா விலகிப் போகிறார். பாட்டிக்கோ அது புரியாத புதிர். எனவே தொலைக்காட்சியை இயக்கும் சிறு கோலைப் போன்ற ஒரு கைப்பிடியைச் செய்தார்கள். கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பந்தை உருட்டுவது போல் கையை அசைத்தால் பந்து உருளும். பெட்டியோ மிகச் சிறியது. வீட்டில் தாய்மார்கள் வெறுக்காத பொருளாக அது இருக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய எண்ணங்களுள் ஒன்று.

வீ என்று பெயரிடப்பட்ட அக்கருவி 2006 நவம்பர் 19ஆம் நாள், அதாவது சோனியின் கருவி வந்த இரண்டே நாளில், அமெரிக்காவில் வெளிவந்தது. விலை 250 டாலர். வலிமையில் மூன்றிலும் அதுவே கடைசி. ஆனால் முதியோர் இல்லங்களில் தாத்தாக்களும் பாட்டிகளும் அதில் பந்து உருட்டினார்கள். மருத்துவமனைகளில் கை கால் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இறுதியில் வீ 10 கோடியே 16 லட்சம் விற்றது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8 கோடியே 70 லட்சம். எக்ஸ்பாக்ஸ் 360 எட்டுக் கோடிக்கு மேல். மூவருமே நிறைய விற்றார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் நின்றவன் முதலில் வந்தது எதனால்? இருவர் ஒருவரை ஒருவர் பார்த்து ஓடினார்கள். ஒருவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார். வெளியே நின்றவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் முதியோரும் என்பது, பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி.

நிறுவனங்கள் மட்டும்தானா பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஓடுகின்றன? வாங்குபவரும் அப்படியே. 2006 நவம்பரில் அமெரிக்கக் கடை வாசல்களில் மக்கள் நாள் கணக்கில் கூடாரம் அடித்துக் கிடந்தனர். வாங்கிய கருவியை வீட்டுக்கும் கொண்டு போகாமல் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தோர் பலர். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில், வரிசையில் நின்றவர்களிடம் பணம் பறிக்க வந்த கொள்ளையர் ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டனர். ஒரு விளையாட்டுப் பெட்டிக்காகத்தான் இத்தனையும்!

அதைவிடக் கொடியது 2007 சனவரியில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் நடந்தது. கடைகளில் வீ கிடைக்காமல் மக்கள் அலைந்த நேரம் அது. வானொலி நிலையம் ஒன்று அதையே பரிசாக அறிவித்து ஒரு போட்டி வைத்தது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இயற்கை உபாதைக்குப் போகாமல் நெடுநேரம் தாங்குபவருக்குப் பரிசு. இது உயிருக்கே ஆபத்து என்று நேயர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். நிகழ்ச்சி நடத்தியவர்கள் சிரித்துத் தள்ளிவிட்டனர். மூன்று குழந்தைகளின் தாயான 28 வயதுப் பெண்மணி ஒருவர், தம் குழந்தைகளுக்காக அக்கருவியை வெல்ல விரும்பி அதில் கலந்துகொண்டார். அளவு மீறிய தண்ணீரால் உடலின் உப்புச் சத்து குலைந்து, அன்றே வீட்டில் உயிரிழந்தார். 2009இல் நீதிமன்றத்தில் நடுவர் குழு, அவர் குடும்பத்துக்கு ஒரு கோடியே 65 லட்சம் டாலர் இழப்பீடு தரப் பணித்தது. பணம் வந்தது, அம்மா வந்தாரா? சில மாதம் பொறுத்திருந்தால் 250 டாலருக்குக் கடையில் கிடைத்திருக்கும் பொருள் அது. அந்தத் தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் மீதுள்ள பாசமே அவரை அங்கு அழைத்துச் சென்றது. "இன்றே வேண்டும், எல்லாருக்கும் முன்னால் வேண்டும்" என்ற வேட்கையை ஊரெங்கும் மூட்டிவிட்டு, அதில் குளிர்காய்ந்தவர்களே குற்றவாளிகள்.

போட்டியால் நன்மையே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. 2006இல் 599 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 3, 2009இல் மெலிந்த வடிவில் 299 டாலருக்கு வந்தது. போட்டியாளர் இல்லையென்றால் விலை இவ்வளவு இறங்கியிருக்குமா? 2010இல் சோனியும் மைக்ரோசாப்ட்டும் உடல் அசைவால் விளையாடும் சாதனங்களைக் கொண்டுவந்தன. நல்ல எண்ணம் ஒன்றைப் போட்டி எல்லாருக்கும் பரப்பிற்று. ஆகவே போட்டியை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

வென்றவர் என்றும் வெல்வதில்லை என்பதும் உண்மை. 2012இல் அதே நின்டெண்டோ வெளியிட்ட வீ யூ என்ற கருவி, 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுவிட்டது. அது புதுக் கருவியா, பழையதன் துணைச் சாதனமா என்றே பலருக்கு விளங்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்! பின்னர் 2017இல் வந்த சுவிட்ச் 15 கோடியைத் தாண்டியது. இன்றைய வெற்றி நாளைக்குச் செல்லாத காசு.

எனக்கு வியப்பளிப்பது இன்னொன்று. நிறுவனங்களின் போட்டியைப் பிள்ளைகள் தங்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வது! 1990களில் அமெரிக்கப் பள்ளிகளில் நின்டெண்டோவின் மேரியோ பெரியவனா, சேகா நிறுவனத்தின் சோனிக் பெரியவனா என்று மாணவர்கள் கட்சி கட்டிச் சண்டையிட்டனர். என்ன ஆயிற்று? 2001இல் சேகா கருவி செய்வதையே கைவிட்டது. 2007இல் மேரியோவும் சோனிக்கும் ஒரே விளையாட்டில் கைகோத்து ஒலிம்பிக் பந்தயம் ஓடினர். முதலாளிகள் சமாதானம் ஆகிவிட்டார்கள். நண்பனோடு முறித்துக்கொண்ட சிறுவனுக்கு என்ன கிடைத்தது?

தோழியரே, பெற்றோர்களே! இந்தப் பந்தயம் முடிந்துவிடவில்லை. 2025 சூன் 5ஆம் நாள் வெளிவந்த சுவிட்ச் 2 கருவி, நான்கே நாட்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. விலை எப்போதும் இறங்கும் என்றும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5இன் விலை 50 டாலர் உயர்ந்தது. எனினும், முதல் நாளில் வாங்காதவனுக்கு ஒரு நன்மை உண்டு: கருவியில் குறை இருந்தால், அவன் வாங்கும் முன்பே அது வெளிப்பட்டுவிடும். எதை வாங்குவது, எப்போது வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதை நம் வீட்டுத் தேவையும் வருமானமும் முடிவு செய்யட்டும். விரலுக்கேற்ற வீக்கமே அழகு. அடுத்த வீட்டில் இருக்கிறது என்பதற்காக வாங்குவது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

அப்படியே ஒன்றை வாங்கினாலும், நின்டெண்டோ கேட்ட கேள்வியை நாமும் கேட்போம். இந்த வீட்டில் இதுவரை விளையாடாதவர் யார்? அடுக்களையில் இருக்கும் அம்மாவா, திண்ணையில் இருக்கும் பாட்டியா, "நீ பெண், உனக்கு எதற்கு?" என்று ஒதுக்கப்பட்ட தங்கையா? அவரை அழைத்துக் கைப்பிடியைக் கொடுங்கள். யார் எத்தனை கோடி விற்றார் என்ற கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கூடத்தில் யாரும் வெளியே நிற்கவில்லை என்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.