தானே குவியும் காமிரா

நம் கல்லூரி மாணவர் பலர் இந்நாளில் எழுதுகோலினும் வீடியோ காமிராவையே மிகுதியும் விரும்பிக் கையாளுகின்றனர். ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, சிற்றூர்ச் சேவை முகாம் எதுவாயினும் அதனைப் படமாக்கி வைத்தல் வழக்கமாகிவிட்டது. இதனை யாம் குறையாகக் கூறவில்லை. ஆயினும் அவர்தம் உரையாடல்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. தொழின்முறைக் காமிராக்களில் அமைந்துள்ள ஆட்டோஃபோகஸ் என்னும் வசதியை நம்பிப் படம் பிடிக்கலாமா, அன்றி லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பியே குவியம் வைத்தல் வேண்டுமா என்பதே அது. கையால் வைப்பவனே கலைஞன் என்பார் ஒருசாரார். பொறி இருக்கக் கை எதற்கு என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டும் முற்றும் பொருந்தா என்பது எம் கருத்து. சென்ற கோடையில் மரக்காணம் உப்பளத்தில் யாம் பெற்ற அனுபவமே இக்கருத்துக்கு அடிப்படையாம்.

முதற்கண் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். லென்ஸ் ஒன்று ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே முற்றக் கூர்மையாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் சிறிதளவு இடமே நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். திரைப்படப் பிடிப்பில் நடிகருக்கும் காமிராவுக்கும் இடையேயுள்ள தொலைவை அளவுநாடாவால் அளந்து, தரையிற் குறியிட்டு, அவர் நகருந்தோறும் வளையத்தைத் திருப்புதற்கென்றே தனி உதவியாளர் ஒருவர் இருந்தார். பெரிய படப்பிடிப்புகளில் இன்றும் இருக்கின்றார். அவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி புதியதன்று. 1977-ஆம் ஆண்டில் கோனிகா சி35 ஏஎஃப் என்னும் காமிரா, தானே குவியம் கொள்ளும் முதற் காமிராவாகக் கடைக்கு வந்தது. 1985-இல் வந்த மினோல்டா 7000 அவ்வசதியை நிழற்படக் கலைஞரிடையே பரவச் செய்தது. வீடியோ காமிராக்களோ நெடுங்காலம் வேறு வழியைக் கையாண்டன. லென்ஸை முன்னும் பின்னும் அசைத்து, விளிம்புகள் எங்கே மிகத் தெளிவாகின்றன எனத் தேடிக் கண்டு நிற்பதே அவ்வழி. அத்தேடலின் தடுமாற்றம் படத்திலும் பதிந்துவிடுமாதலின் தொழில்வல்லோர் அதனை வெறுத்தனர். 2013-இல் கேனன் நிறுவனம் 70டி என்னும் காமிராவில், ஒளியுணரும் ஒவ்வொரு புள்ளியையும் இரு பாதியாக்கி, இரு பாதியிலும் விழும் பிம்பங்களை ஒப்பிடும் முறையைக் கொணர்ந்தது. அதனால் எத்திசையில், எவ்வளவு திருப்புவதென்று பொறி தேடாமலே அறியலாயிற்று. பின்னர் முகத்தையும் கண்ணையும் அடையாளங்காணும் ஆற்றலும் சேர்ந்தது. இன்று தொழின்முறைக் காமிராக்கள் பலவும் இவ்வாற்றல் பெற்றவையே.

இத்தகைய காமிரா ஒன்றனைத் தாங்கியே ஆசிரியர் ஒருவரும் மாணவர் மூவருமாக யாம் மரக்காணம் சென்றோம். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கடற்கரைச் சாலையில் உள்ளது அவ்வூர். வடக்கேயிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் அங்கேதான் முடிவடைகின்றது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியும் அருகே உள்ளது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட, அது போமே அளவில் ஏறத்தாழ 25 பாகை செறிந்த அளவில் உப்புப் பூக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஆண்டின் உழைப்பெல்லாம் குவியலாகிவிட வேண்டும். அவ்வுழைப்பைப் படமாக்குவதே எம் நோக்கம்.

அங்கே பொறி மூன்று வகையில் எம்மை ஏமாற்றிற்று. உப்புக் குவியல் முழுதும் ஒரே வெண்மை. வரியோ விளிம்போ இல்லை. ஒப்பிட ஒன்றும் அகப்படாமையால் குவியம் அலைந்தது. பாத்தி நீரோ கண்ணாடி போன்றது. அதன்மேல் படர்ந்த உப்பேடு எமக்கு இரண்டு மீட்டர் தொலைவில் இருந்தது. ஆயின் நீரில் தோன்றிய மேகத்தின் சாயல், மேகம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவிற்கே உரியது. பொறி மேகத்தைப் பற்றிக்கொள்ள, உப்பேடு மங்கிற்று. இவ்விரண்டும் இயற்கையின் விளைவு, கற்றுத் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவதே எம் மனத்தை உறுத்தியது.

பன்னெடுங்காலமாக உப்பு வாரும் முதியவர் ஒருவர், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரியருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலைப் பற்றி எம்மிடம் கூறிக்கொண்டிருந்தார். பாத்தி இன்னதென்று அறியாதபடி அளமெல்லாம் வெள்ளமாய் நின்றதைச் சொல்லி, குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளி, கரைந்தது இதுதான் என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் குனிந்தவுடன் அவர் முகம் காமிராவுக்கு மறைந்தது. பின்னால் நின்று வேடிக்கை பார்த்த எம் மாணவரின் முகம் நேரே தெரிந்தது. பொறி முதியவரை விட்டு மாணவரைப் பற்றிக்கொண்டது! கடும் வெயிலில் சிறு திரையில் ஒன்றும் புலப்படாமையால், கல்லூரிக்கு மீண்டு பெரிய திரையில் கண்டபோதே இதனை அறிந்தோம். மறுவாரம் சென்று மீண்டும் சொல்லுமாறு வேண்டினோம். மறுக்காமற் சொன்னார். சொல்லி முடித்தபின், "அன்னைக்குச் சொன்னது தானா வந்தது, ஐயா. இன்னைக்கு நீங்க கேட்டதுக்காகச் சொன்னேன்" என்றார். யாம் விடை கூற இயலாது நின்றோம்.

இதிற் பொறியின் பிழை யாது? ஒன்றுமில்லை. முகத்தைத் தேடுமாறு அதற்குக் கற்பிக்கப்பட்டது. அது முகத்தைத் தேடிற்று. ஆனால், காமிராவை நோக்கி நிமிர்ந்து நிற்க யாருக்கு ஓய்வுண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உப்பு வாருபவர் குனிந்திருக்கின்றார். தலையிற் கூடை சுமக்கும் பெண் வெயிலுக்கு அஞ்சி முகத்தைத் துணியால் மூடியிருக்கின்றாள். வேலையின்றி நிற்பவரே நேரே பார்க்கின்றார். ஆகவே பொறியின் போக்கிலே படத்தை விட்டால், உழைப்பவர் மங்கவும் பார்வையாளர் விளங்கவும் காண்பது அரிதன்று. எதனைத் தெளிவாகக் காட்டுவது என்பது வெறுந் தொழில்நுட்பமன்று. யாரை மதிக்கின்றோம் என்பதன் அடையாளமும் அதுவே.

அதே அளத்தில் யாம் கண்ட மற்றொன்று எமக்கு வழிகாட்டிற்று. நீரின் செறிவை அறிய அங்கே டிகிரி பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்றை நீரில் மிதக்கவிடுகின்றனர். அம்முதியவர் அதனை இகழவில்லை. அது காட்டும் எண்ணை நம்புகின்றார். ஆனால் எப்பாத்தியை முதலில் வாருவது, எதனை நாளைக்கு விடுவது என்பதைக் காற்றையும் வானத்தையும் பார்த்துத் தாமே முடிவு செய்கின்றார். ஆட்டோஃபோகஸையும் நாம் இவ்வாறே கொள்ளுதல் தகும். தொலைவை அது அளக்கட்டும். எதனுடைய தொலைவை என்பதை நாம் சொல்வோம்.

பொறியை அறவே விலக்குவாரோடும் யாம் உடன்படோம். தனியொருவராய்க் காமிராவைத் தாங்கி நடந்துகொண்டே படம் பிடிப்பார்க்கும், பந்தயத்தில் ஓடிவருவாரைப் பின்தொடர்வார்க்கும், பார்வை மங்கிய ஆசிரியர்க்கும் அது பேருதவி. அமர்ந்து நேரே நோக்கிப் பேசுவாரை எடுக்கும்போது அது நம் கையினும் உறுதியாக நிற்கும். சிறு திரையில் கண் தவறவிடும் நுண்ணிய மங்கலையும் அது தவறவிடாது.

எனவே மாணவ நண்பர்க்கு யாம் கூறுவன சில. முதலாவது, பின்னணி மங்கினாலே படம் அழகென்னும் மயக்கத்தை விடுக. முழுச்சட்ட அளவுள்ள உணரி பொருந்திய காமிராவில், 85 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் திறந்து, 3 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாகும் ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே, எஃப் 8-க்கு ஒடுக்கினால் அதுவே சுமார் 60 செ.மீ. ஆகும். உப்பளத்தில் ஒளிக்குப் பஞ்சமில்லை. 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் அமைத்து, குவியத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 2.5 மீட்டரிலிருந்து அடிவானம் வரை யாவும் தெளிவாக நிற்கும். பொறியும் வேண்டா, வளையமும் வேண்டா. இரண்டாவது, கையாற் குவியம் வைக்கும் நிலையிலேயே காமிராவை வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் பொத்தானை அழுத்திப் பொறியைக் கொண்டு ஒருமுறை குவியம் வைத்துப் பின் விட்டுவிடுக. மூன்றாவது, தொடர்ந்து இயங்கவிட நேர்ந்தால், ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றும் விரைவைக் குறைத்து வைக்க. முகம் தேடும் வசதி அவ்விடத்துக்குப் பொருந்துமா என முன்னரே எண்ணுக. நான்காவது, வெயிலிற் செல்வோர் திரைக்கு மறைப்பு ஒன்று கட்டாயம் கொண்டு செல்க. எடுத்ததை அங்கேயே நிழலில் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே இடம் பெயர்க.

காமிராப் பயிற்சியின் முதல் மாதம் முழுதும் வளையத்தைக் கையால் திருப்பியே பழகுதல் வேண்டுமென நம் ஆசிரியர்கள் விதித்தல் நன்று. நடக்கத் தெரிந்தவனே வண்டியேறினாலும் வழி அறிவான். தொலைக்காட்சியிலும் திரைத்துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் ஆண்டிற்கு ஒருநாள் வந்து இளையோர்க்குத் தம் அனுபவத்தைக் கூறுவார்களாயின் அது கல்லூரிக்குச் செய்யும் சிறந்த உதவியாகும்.

மரக்காணத்துப் படம் ஒருவாறு நிறைவுற்றது. முதன்முறை பதிவான குரலையே வைத்துக்கொண்டு, மங்கிய பகுதியின்மேல் அம்முதியவரின் கைகளை மறுமுறை எடுத்துச் சேர்த்தோம். இம்முறை குவியம் எம் கையில் இருந்தது. அப்படத்தை அவருக்குக் காட்டும் கடன் இன்னும் எம்மிடம் எஞ்சியுள்ளது. அளத்தில் மழை ஓய்ந்து மீண்டும் வேலை தொடங்கும்போது அதனைத் தீர்ப்போம்.