தூக்கிச் செல்லாதீர்கள், வழி விடுங்கள்!

மே மாதம் வந்தால் நீலகிரி முழுவதுமே ஒரு மேடையாகிவிடும். 1896-இல் தொடங்கிய ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி, கோத்தகிரியின் காய்கறிக் கண்காட்சி என்று கோடை விழா களைகட்டும். கூடவே திறந்தவெளியில் கலை நிகழ்ச்சிகள், தனியார் நடத்தும் இசை நிகழ்ச்சிகள், எஸ்டேட் கோயில் திருவிழாக்களின் ஆர்க்கெஸ்ட்ரா. எல்லாச் சுவரொட்டியிலும் ஒரே வரி: 'அனைவரும் வருக.' அந்த 'அனைவரும்' யார் என்பதுதான் என் கேள்வி.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட தலித் குடும்பம் எங்களுடையது. சிறுவயதில் வந்த போலியோவுக்குப் பிறகு சக்கர நாற்காலிதான் என் நடை. சில ஆண்டுகளுக்கு முன் மலையில் நடந்த ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். நுழைவாயிலிலிருந்து மைதானம் வரை இறங்குபடிகள். தன்னார்வலர்கள் நான்கு பேர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியோடு தூக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியதும், மீதி நேரம் முழுக்க நான் பார்த்தது முதுகுகளை மட்டுமே. இந்த மாதிரி இடங்களில் கழிப்பறை எப்படி இருக்கும் என்று தெரிந்து, மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போயிருந்தேன்.

அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். என் பாட்டனைத் தொட மறுத்த சமூகம், என்னைக் கேட்காமலே தொடுகிறது. இரண்டிலும் என் உடல் மீதான முடிவு என் கையில் இல்லை. நேற்று எங்களை 'ஹரிஜன்' என்றார்கள். அம்பேத்கர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 2015-இல் பிரதமர் மோடி மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்' என்று அழைக்கச் சொன்னார். ஒன்றில் கடவுளின் பிள்ளை, இன்னொன்றில் தெய்வீக உறுப்பு. உரிமை கேட்பவனை வானத்துக்கு அனுப்பிவிட்டால், பூமியில் அவனுக்குப் பாதை போட வேண்டியதில்லை அல்லவா?

சாதியும் ஊனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தீண்டாமைக்குப் பின்னால் சாத்திரமும் நிலவுடைமையும் இருக்கின்றன. ஆனால் வழியை மறித்துவிட்டு, 'அவர்கள் வருவதில்லை' என்று சொல்லும் உத்தி இரண்டுக்கும் பொது. ஊனமும் சாதி, வர்க்கம் பார்த்தே வலிக்கிறது. பங்களாவில் இருப்பவருக்குக் கார் உண்டு, டிரைவர் உண்டு, வாசலில் சாய்தளம் உண்டு. தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு போன தொழிலாளிக்கு லைன் வீட்டுத் திண்ணைதான் உலகம். பாட்டு அவர் காதுக்கு வருவது, காற்று அந்தப் பக்கம் வீசினால் மட்டும்.

இந்த மலைக்கு ஒரு வரலாறு உண்டு. அயோத்திதாசர் வாழ்ந்து செயல்பட்ட மலை இது. 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியது இங்கேதான். இளமையில் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்த இரட்டைமலை சீனிவாசன், 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, தெரு, கிணறு, அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் எந்தச் சாதியாரும் நுழையலாம். தீர்மானம் நிறைவேறியது. பொதுமக்கள் கூடும் இடம் என்றால் இன்றைய இசை மைதானமும்தான். நூறாண்டு கழிந்த பிறகும் அந்த வாசலில் நின்று வழி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

'இது மலை தம்பி, இயற்கையே மேடு பள்ளம், என்ன செய்ய முடியும்?' என்பார்கள். ஊட்டி தாவரவியல் பூங்கா தொட்டபெட்டாவின் சரிவில், அடுக்கடுக்காகச் செதுக்கி உருவாக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் தூரத்துக்கு 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு போட்டு 1908-இல் ரயிலை மேலே கொண்டுவந்தார்கள். அந்தப் பல்சக்கரப் பாதையின் மிகச் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குச் சொல்லப்படும் சரிவும் அதே 12-க்கு 1 தான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தேயிலைப் பெட்டிக்கும் துரைக்கும் நூறு வருடத்துக்கு முன்பே வகுத்த கணக்கு, எனக்கென்று வரும்போது மட்டும் இயற்கையின் குற்றமாகிவிடுகிறது.

கடல் மணலில்கூட இது நடந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2022 நவம்பரில் மெரினாவில் அலையருகே வரை மரப்பாதை திறக்கப்பட்டது. சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. திரும்பவும் சரிசெய்தார்கள். மணலில் முடிந்தது புல்வெளியில் முடியாதா? அமைச்சர் வருகிறார் என்றால் ஒரே இரவில் சாலை போடுகிறவர்களுக்கு, நான்கு பலகை கிடைக்காதா?

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் எங்களுக்குச் சம உரிமை என்கிறது. அரசோ தனியாரோ, பண்பாட்டு நிகழ்வுக்கு மக்கள் வரும் கட்டடமும் அதில் 'பொதுக் கட்டடம்'தான். மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை, மீண்டும் மீறினால் ஐந்து லட்சம் வரை அபராதம். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. விரும்பினால் செய்யலாம் என்ற சலுகைக் காலம் முடிந்துவிட்டது, தோழர்களே.

'எத்தனை பேர் வரப் போகிறார்கள்?' என்பது அடுத்த கேள்வி. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். 2023 செப்டம்பரில் சென்னைப் பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியும் பலர் உள்ளே போக முடியவில்லை. தமிழ்நாடே கொதித்தது, பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. கொதித்தது சரிதான். நெரிசலில் சிக்கியவர்களுக்கு ஒருநாள் நேர்ந்தது எங்களுக்கு ஒவ்வொரு கச்சேரியிலும் நேர்கிறது. அதற்கு யார் கொதித்தார்கள்?

நாங்கள் கேட்பது என்ன? சேற்றில் சக்கரம் புதையாத பாதை. கூட்டம் எழுந்து நின்றாலும் மேடை தெரியும் உயரத்தில், நண்பர்களோடு உட்கார ஓர் இடம். நாற்காலி உள்ளே நுழையும் கழிப்பறை. காது கேளாதோருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர். துணைக்கு வருபவருக்குத் தனி டிக்கெட் கேட்காத நியாயம். எது இருக்கிறது, எது இல்லை என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்லும் நேர்மை. பிரிட்டனில் சூசன் புல் என்ற மாற்றுத்திறனாளி இசை ரசிகர் 2000-இல் தொடங்கிய 'ஆட்டிடியூட் இஸ் எவ்ரிதிங்' அமைப்பு இதையெல்லாம் விழாக்காரர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், தீயணைப்புக்கு அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் சாய்தளத்தையும் கட்டாய நிபந்தனையாக மாவட்ட நிர்வாகம் சேர்க்க வேண்டும்.

நம் வீட்டுக்கும் வருகிறேன். பறை முழங்கும் நம் மேடைகளில் அம்பேத்கர் படம் இருக்கிறது, பெரியார் படம் இருக்கிறது. மேடைக்கு ஏறப் படிகளும் இருக்கின்றன. பார்வையாளர் பகுதியில் மட்டுமல்ல, மேடைக்கும் சாய்தளம் வேண்டும். ஏனென்றால் எங்களில் கேட்பவர்கள் மட்டும் இல்லை, அடிப்பவர்களும் பாடுபவர்களும் இருக்கிறார்கள். சமத்துவம் பாடும் மேடைக்குப் படி மட்டுமே வழி என்றால், அந்தப் பாட்டின் பொருள் என்ன?

அடுத்த நிகழ்ச்சிக்கு உங்களை அழைக்கும்போது, யார் பாடுகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சாய்தளம் எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் போகாதீர்கள். ஏன் வரவில்லை என்பதை ஊரறியச் சொல்லுங்கள். நீங்கள் கலைஞர் என்றால் ஒப்பந்தத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். எங்களைத் தூக்கத் தோள் கொடுக்க வேண்டாம். படியை இடிக்கக் கை கொடுங்கள்.