சாமான் அடுக்கிய கை

விருதுநகரில் ‘பையன் கடையில் நிற்கிறான்’ என்று சொன்னால் அதை யாரும் இளப்பமாக நினைக்க மாட்டார்கள். வத்தலும் பருப்பும் எண்ணெயும் விலை பேசும் ஊர் அது. பள்ளிக்கூடத்தை விட்ட காமராஜர் தம் மாமாவின் ஜவுளிக் கடையில் நின்றவர்தாம். பக்கத்துச் சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய், அன்னிய ஊரில் இருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஆகையால், கர்ட் வார்னர் என்ற அமெரிக்கரின் கதையை அந்தச் சீமையார் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அவருடைய ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர் ‘புட்பால்’ என்று சொல்வதில் காலைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்வது! பந்தும் உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பியிருக்கும். பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரிகளைச் சேரும். முயற்சி தொடங்கியதும் பந்து வந்து விழுவது ‘குவார்ட்டர்பேக்’ என்பவர் கையில். மலை போன்ற ஆசாமிகள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். அதற்குள், தம் தோழன் ஓடி எந்த இடத்தை அடைவான் என்று கணித்து, ஆளில்லாத அந்த இடத்துக்கு அவர் பந்தை எறிய வேண்டும். சடுகுடு பாடிப் போகிறவனுக்கு மூச்சு எப்படியோ, இவருக்கு அந்த இரண்டு மூன்று விநாடி அப்படி.

வார்னர் 1971-ல் ஐயோவா மாகாணத்தில் பிறந்தார். கல்லூரியில் கடைசி வருஷத்தில்தான் அந்த முக்கிய ஸ்தானம் கிடைத்தது. 1994-ல் தொழில்முறைக் கோஷ்டிகள் கல்லூரி இளைஞர்களைப் பொறுக்கியபோது அவரை ஒருவரும் எடுக்கவில்லை. கிரீன் பே கோஷ்டி பயிற்சிக்கு மட்டும் அழைத்தது. பந்தயங்கள் தொடங்குமுன் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஸீடர் பால்ஸ் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில், இரவு நேரத்தில் தட்டுகளில் சாமான் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி.

1995 முதல் மூன்று வருஷம் அவர் ஆடியது, கூரை போட்ட அரங்கத்துக்குள் நடக்கும் குட்டி ஆட்டம். மைதானத்தின் நீளம் பாதிதான். பக்கத்துக்கு எட்டே பேர். பெரிய ஆட்டக்காரர்கள் அதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால் இடம் குறுகினால் யோசனைக்கும் அவகாசம் குறையுமல்லவா? கண் பார்த்த மாத்திரத்தில் கை பந்தை விட்டாக வேண்டும். பிற்காலத்தில் எல்லோரும் வியந்த வேகம் அவருக்கு அங்கேதான் படிந்தது. 1997-ல் சிகாகோ கோஷ்டி பரீட்சித்துப் பார்க்க அழைத்தது. தேனிலவுக்குப் போன இடத்தில் எறியும் கையின் முழங்கையைப் பூச்சி கடித்து வீங்கிப்போனதால், அந்தச் சந்தர்ப்பமும் நழுவியது. சனியன் சிலந்தி ரூபத்திலும் வரும் போலும்!

1998-ல் ஆம்ஸ்டர்டாம் சென்று ஆடினார். அதே வருஷம் செயின்ட் லூயி நகரத்து ராம்ஸ் கோஷ்டியில் மூன்றாவது ஆளாக இடம் கிடைத்தது. 1999-ல் கிளீவ்லாந்தில் புதுக் கோஷ்டி அமைந்தபோது, ‘வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ராம்ஸ் விட்டுக்கொடுத்த பெயர்களில் வார்னர் பெயரும் இருந்தது. அவர்களும் தொடவில்லை! அந்த ஆகஸ்டில் முதல் ஆட்டக்காரரான டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் பிசகியது. வேறு வழியின்றி வார்னரை இறக்கினார்கள்.

முந்தின வருஷம் 16 பந்தயத்தில் நாலே ஜயித்திருந்த கோஷ்டி, இப்போது 13 ஜயித்தது. எல்லைக்குள் பந்தைச் சேர்த்த எறிகள் மட்டும் 41. 2000 ஜனவரி 30-ல் அட்லாண்டாவில் நடந்த ‘ஸூப்பர் பௌல்’ என்ற இறுதிப் பந்தயத்தில் 414 கஜ தூரம் எறிந்தார். அன்றுவரை அது யாரும் எட்டாத கணக்கு. 23-க்கு 16 என்று ராம்ஸ் வென்றது.

பத்திரிகைகள் ‘மாயக்கதை’ என்று கொண்டாடின. எனக்கென்னவோ அதில் மாயத்தைவிட, தேர்ந்தெடுப்பவர்களின் பார்வைக் கோளாறுதான் பெரிதாகத் தெரிகிறது. அதே கை ஐந்து வருஷமாக எறிந்துகொண்டுதானே இருந்தது? கிரீனின் முழங்கால் சரியாக இருந்திருந்தால் வார்னர் என்ற பெயரை நாம் கேட்டிருக்க மாட்டோம். அப்படிக் கேட்காமலே போன பெயர்கள் எத்தனையோ!

பிறகு காயங்களும் தோல்விகளும் வந்தன. ராம்ஸிலும், அப்புறம் நியூயார்க்கிலும் இளைஞர்களுக்கு இடம் விட்டு விலக நேர்ந்தது. 2005-ல் அரிஸோனா போனார். அங்கேயும் காத்திருந்து இடத்தைப் பிடித்து, 2009 பிப்ரவரியில் தம் 37-வது வயதில் அந்தக் கோஷ்டியை இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனார். நாலு புள்ளியில் தோற்றார்கள். 2017-ல் அந்த ஆட்டத்தின் கீர்த்தி மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்ந்தது.

விளையாட்டை விட்டு விலகிய 2010 ஜனவரியில் அவர் ஆடிய கடைசிக்கு முந்தின பந்தயம், ஒரு காலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிய கிரீன் பே கோஷ்டியோடுதான். அன்று 33 தடவை எறிந்தார். தோழர் கைக்குச் சேராதவை நாலே நாலு. அரிஸோனா 51, கிரீன் பே 45.