கலோரி கணக்குக்குச் சந்தா கட்டலாமா?

செனாவாங் பக்கத்துத் தோட்டத்திலே கிராணியாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். அவருக்கு இனிப்புநீர் தொடங்கிவிட்டது, எட்டுக் கிலோ எடை குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகன் கைப்பேசியில் கலோரி கணக்குப் பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இனாமாகக் கிடைப்பது போதாது, சந்தா கட்டினால்தான் முழுப் பயனும் உண்டு என்று அந்தச் செயலி அவரை நச்சரிக்கிறதாம். "கட்டலாமா அண்ணே?" என்று கேட்டார். பால்வெட்டுத் தொழிலாளர் சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் நமது அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறோம். கட்ட வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். விலக்கு ஒரு சிலருக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்வோம்.

முதலில் ஒன்று. இது பொழுதுபோகாத பணக்காரர் சமாசாரம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 சதவிகிதத்துக்கும் மேல். எந்த லயத்திலும் எந்தத் தாமானிலும் கால் விரலை இழந்தவர் ஒருவரையாவது நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே தின்பதை அளந்து தின்ன வேண்டும் என்பதிலே நமக்கு மறுப்பில்லை. அளப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

விலையைப் பார்ப்போம். இவற்றிலே பெயர் பெற்றது மைஃபிட்னஸ்பால் என்பது. 2005இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே அதன் பிரீமியம் சந்தா வருஷத்துக்கு 79.99 டாலர் என்று விற்றது. நம் பணத்தில் 300 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஏறக்குறைய ஐந்து நாள் இருட்டில் எழுந்து, நிரை ஏறி, பால் வாளி சுமந்த கூலி இது. "நாளொன்றுக்கு ஒரு வெள்ளிகூட ஆகவில்லையே" என்று விற்பவன் சொல்வான். தவணைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி விற்க வந்தவனும் அப்படித்தான் சொன்னான்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? பொட்டலத்தின் மேலுள்ள கோட்டுக் குறியைக் கைப்பேசியால் படமெடுத்தால் கலோரி வந்து விழும் வசதி அதில் முக்கியமானது. முன்பு இனாமாக இருந்த அதை 2022 அக்டோபரில் சந்தாக்காரர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சரி, நம் சோற்றுப் பானையில் கோட்டுக் குறி எங்கே இருக்கிறது? மீன் குழம்பிலும் கீரைக் கூட்டிலும் எங்கே ஒட்டியிருக்கிறது? டின்பாலிலும் பிஸ்கட்டிலும் இருக்கிறது. அவற்றின் மேலேயே கலோரி அச்சடித்தும் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் போதும்.

"தோசை" என்று தேடினால் பத்துக் கணக்கு வரும். அவற்றில் பெரும்பாலானவை நம்மைப் போல யாரோ ஒருவர் எழுதி வைத்தவை. அவர் வீட்டுக் கரண்டி என்ன அளவு, எத்தனை சொட்டு எண்ணெய் என்பது யாருக்குத் தெரியும்? நம் நாட்டு உணவுகளுக்கு அமைச்சே அட்டவணை வைத்திருக்கிறது. அதைப் பார்க்கக் காசில்லை.

நிற்க. இந்தச் செயலிகளால் எடை குறைகிறதா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கிளினிக்குகளில் 212 பேரை வைத்துச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேற்சொன்ன செயலி. மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் இரு சாராருக்கும் வித்தியாசம் கால் கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கணக்கில் எடுக்க முடியாது. முதல் மாதத்துக்குப் பிறகு பெரும்பாலோர் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். வருஷச் சந்தா கட்டியவருக்கு மீதிப் பதினொரு மாதப் பணத்தை யார் திருப்பித் தருவார்?

பால்வெட்டும் தோழியருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் வேலை உட்கார்ந்து செய்வதா, ஓடியாடிச் செய்வதா?" என்று செயலி ஒரே ஒரு முறை கேட்டு அளவு போட்டுவிடும். மழை நாளில் வெட்டு இல்லை; இலை உதிரும் காலத்தில் வேலை குறைவு; மற்ற நாளில் மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரம். மேஜையில் செக்ரோல் எழுதும் கிராணியின் கட்டத்தை அமுக்கிவிட்டு அரை வயிற்றோடு நிரைக்குப் போனால் மயக்கம் வரும். கையிலிருப்பது வெட்டுக் கத்தி.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1920களில் இந்தியக் குடியேற்றக் குழு தோட்டத் தொழிலாளியின் மாதச் செலவை, இத்தனை அரிசி, இத்தனை உப்பு, இத்தனை மிளகாய் என்று பட்டியல் போட்டுத்தான் சம்பளம் நிர்ணயித்தது. சில மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நம் வாயை அன்று பிறர் எண்ணினார்கள். இன்று நாமே எண்ணுவதற்கு நம்மிடமே பணம் கேட்கிறார்கள். வேடிக்கைதான்.

கிராணி நண்பருக்கு நாம் சொன்னது இது. இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தின்றதையும் குடித்ததையும் எழுதும். ஆள் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிதல்ல. மூன்றாம் நாளே அவருக்கு விளங்கிவிட்டது. நாளைக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு 20 கலோரி என்றால் 240 கலோரி. சோறு ஒரு கிண்ணத்துக்கு மேலே! இதைச் சொல்ல எந்தச் சந்தாவும் தேவைப்படவில்லை. அந்த நோட்டை அரசாங்கக் கிளினிக்குக்கு எடுத்துப் போகச் சொன்னோம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி.

விலக்கு யாருக்கு? இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு, மாவுச்சத்தை கிராம் கணக்கில் எண்ணும்படி டாக்டரே சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். இனாமாகக் கிடைப்பதில் இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் எழுதியவரும் ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்க்கலாம். வருஷச் சந்தா அவருக்கும் வேண்டாம்.

ஏற்கெனவே "ஏழு நாள் இனாம்" என்பதை அமுக்கிவிட்டவர்கள் கவனிக்க: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. கைப்பேசியில் செயலி வாங்கும் கடையைத் திறந்து, சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய், அங்கே ரத்துச் செய்ய வேண்டும். ஏழாம் நாள் வரை காத்திராமல் முந்திய நாளே செய்துவிடுங்கள். தெரியாதவர்கள் லயத்திலே படிக்கிற பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.