முன்பாரம், பின்பாரம்

நவீனத் தமிழ் எழுத்துக்குள் இயந்திரம் நுழையும்போது பெரும்பாலும் இரண்டே வேடங்கள்தாம் அதற்கு வாய்க்கின்றன. ஒன்று, நிலத்தை விழுங்கும் அரக்கன். மற்றது, பணக்காரனின் பகட்டு. செம்பரம்பாக்கத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பாதையைப் பற்றி நம் சிற்றிதழ்களில் வந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஏரிப் பாசன வயல்கள் மனைகளானது, ஒப்பந்தத் தொழிலாளியின் இரவுப் பணி, 2015 டிசம்பரில் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் இறங்கியது ஆகியவை பற்றி எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியவைதாம், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பாதையில் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து, ஒரு சக்கரத்தை நூல் கட்டி அளந்து, கால் திருகு திருப்பி, மறுபடி அளக்கிறாரே, அவர் எந்த வேடத்திலும் அடங்குவதில்லை. அதனாலேயே அவர் நம் பக்கங்களில் இல்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் சில நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம்: ஏற்கெனவே ஓடிய, எஞ்சின் நடுவில் அமைந்த ஒரு பந்தயக் காரை வாங்குவதும், அதை ஓடத்தக்கதாக அமைத்தெடுப்பதும்.

முதலில் ஒரு தெளிவு. எஞ்சின் பின்னால் இருப்பது வேறு, நடுவில் இருப்பது வேறு. போர்ஷே 911இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. நடு எஞ்சின் என்பது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னும் அமைவது. இங்கிலாந்தில் கூப்பர் நிறுவனத்தார் 1946இல் மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சங்கிலியால் பின் சக்கரத்தோடு இணைக்க வேண்டியிருந்ததால் அதைப் பின்னால் வைத்தார்கள். தத்துவமெல்லாம் பிறகு வந்தது. 1959இல் ஜாக் பிரபாம் கூப்பரில் உலகப் பட்டம் வென்றார். 1960க்குப் பின் முன் எஞ்சின் வண்டி எதுவும் உலகப் பட்டத்துக்கான ஃபார்முலா ஒன் பந்தயத்தை வெல்லவில்லை. இரண்டு நீர்க்குடங்களை நீட்டிய கைகளில் ஏந்திக்கொண்டு சுழல்வதையும், அவற்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு சுழல்வதையும் நினைத்துப் பாருங்கள். கனம் நடுவில் குவிந்தால் திரும்புவது எளிது. தலைசுற்றிப் போவதும் அதே அளவுக்கு எளிது.

நம் ஊரில் இது எப்படி வந்தது? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1980களில் விஜய் மல்லையா அங்கே என்சைன் என்னும் சிறிய பிரிட்டிஷ் அணியின் பழைய ஃபார்முலா ஒன் காரை ஓட்டினார். அதைக் காணக் கூட்டம் திரண்டது உண்மை. ஆனால் அது வாங்கிய வேகம்; காசு கொடுத்தால் கப்பலில் வரும். நமக்கு முக்கியமானவர் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, குழாய்ச் சட்டகத்தில் அவர் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை வண்டியை உருவாக்கினார். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்த காரின் எஞ்சின், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. முன்னால் எஞ்சின் இருந்த ஃபியட் 128இன் உறுப்புகளைக் கொண்டு இத்தாலியர் 1972இல் எக்ஸ்1/9 செய்தபோது கையாண்ட அறிவும் இதுதான். சந்தையில் கிடைப்பதைக் கொண்டு, கிடைக்காததைச் செய்வது.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. ஹுண்டாய் ஆலை அதன் அருகே எழுந்தது அதற்குப் பிறகுதான். வரிசையை நாம் தலைகீழாக நினைத்துக்கொள்கிறோம். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே அந்தத் தடத்தில் ஒரு ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவையில் ஒரு தடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. நம் நூலக அலமாரிகளில் இல்லை.

இது பணக்காரர் விளையாட்டு, இதற்கு ஏன் இலக்கிய வாசகன் நேரம் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பாதி ஒப்புதல் தருகிறோம். சாலையில் ஓடும் நடு எஞ்சின் காரை வெளிநாட்டிலிருந்து பழையதாகக் கொண்டுவர நினைத்தால் அரசு விதிகள் வழிமறிக்கும். செய்த நாளிலிருந்து மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும் என்பவை நெடுங்காலமாக உள்ள நிபந்தனைகள். 2013இல் பழைய கார்களுக்கான சுங்க வரி 125 சதவீதமாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் தாண்டி வாங்குபவர் வேகத்தடையில் அடிவயிறு உரசுமே என்று கவலைப்படலாம். சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை அவர் அறியத் தேவையில்லை. கம்பெனிப் பணிமனையின் கணினி பார்த்துக்கொள்ளும். அவரை நாம் விட்டுவிடலாம்.

விட முடியாதது மற்றவர்களை. பந்தய வாழ்வு முடிந்த ஃபார்முலா வண்டிகள் கோவைக்கும் சென்னைக்கும் இடையே கைமாறிக்கொண்டிருக்கும் உலகம் ஒன்று உண்டு. அவற்றுக்குப் பதிவெண் இல்லை. சாலையில் ஓட்ட முடியாது. லாரியில்தான் போகும், வரும். நம் நண்பர் ஒருவர் (கவிதை எழுதுபவர், சம்பளம் ஒரகடத்தில்) இருவரோடு பங்கு போட்டு அப்படியொன்றை வாங்கி, செம்பரம்பாக்கத்தில் வாடகைக் கொட்டகையில் இறக்கினார். “அப்படியே தடத்துல இறக்கி ஓட்டலாம்” என்று சொல்லி விற்றிருந்தார்கள். ஃபைபர் மேலோட்டைக் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டியதும், கீழ்க்கை சட்டகத்தோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு மயிரிழை அளவுக்கு விரிந்திருந்தது. பழைய பந்தய வண்டியில் பளபளப்பைவிடப் பார்க்க வேண்டியது இந்த மூட்டுகளைத்தான். அடுத்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் பேரிங்கிலா, முனைமூட்டிலா என்று விரல் வைத்து அறிய வேண்டும். முன்னே ரேடியேட்டரும் பின்னே எஞ்சினுமாக நீர்க்குழாய் வண்டி நீளத்துக்கும் ஓடும் அமைப்பென்றால், நடுவில் காற்று அடைத்துக்கொண்டால் வெப்பமானி நல்ல பிள்ளையாக இருக்கும், எஞ்சின் வெந்துபோகும்.

பூந்தமல்லியில் லாரிப் பட்டறை நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவர் உதவிக்கு வந்தார். வண்டியைச் சுற்றிவந்து அவர் சொன்ன முதல் வாக்கியம் நம்மை நிமிர்ந்து உட்காரவைத்தது. “தம்பி, இது பின்பார வண்டி. வளைவுல பயந்து ஆக்ஸிலேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுத்தீங்கன்னா, பாரம் முன்னாடி ஓடிரும், வால் முன்னுக்கு வந்துரும்.”

பின்பாரம்! மாட்டு வண்டியில் சுமை ஏற்றுபவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன சொல். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். எடைப் பகிர்வு என்று நாம் மொழிபெயர்த்துத் தடுமாறும் கருத்துக்கு, புழங்கித் தேய்ந்த சொல் கையருகே கிடக்கிறது.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தரையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, சக்கரத்தடியில் தகடு கொடுத்துச் சமமாக்கினார். டயர்களில் காற்று அளந்து அடைத்தாயிற்று. ஓட்டப்போகும் நண்பரையே இருக்கையில் உட்காரவைத்தார். ஆளில்லாமல் எடை பார்ப்பது, மாப்பிள்ளை இல்லாமல் சட்டைக்கு அளவெடுப்பது போல என்றார். நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எடைமேடை. முன்இடம் 100, முன்வலம் 110, பின்இடம் 150, பின்வலம் 140 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500. முன்வலத்தையும் பின்இடத்தையும் கூட்டினால் 260, அதாவது 52 சதவீதம். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிடக் கனம். இப்படிப்பட்ட வண்டி இடப்பக்க வளைவில் திரும்ப மறுக்கும், வலப்பக்க வளைவில் வாலை வீசும். ஓட்டுபவர் தன் திறமையை நொந்துகொள்வார். மருந்தோ, ஒரு கால் குட்டையான நாற்காலிக்குச் செய்வதுதான்: பின்இடத்து ஸ்பிரிங்கின் இருப்பைச் சில திருகுகள் இறக்கினால், அந்தச் சக்கரத்தோடு முன்வலமும் இலேசாகி, மற்ற இரண்டும் சுமையை வாங்கிக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் நான்கும் மாறும். மொத்தம் மட்டும் மாறாது.

பிறகு நூல் பிடித்தல். வண்டியின் இருபுறமும் அதன் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் அளப்பது. பின்சக்கரங்கள் முன்பக்கம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கி இருந்தால் வண்டி நேர்வழியில் அடங்கும். வெளிநோக்கி இருந்தால் பிரேக் பிடிக்கும்போதே அலையும். கொத்தனாரின் நூலும் ரசமட்டமும் இங்கே வேலை செய்கின்றன. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து மாடவீதி முனையில் திருப்புபவர் இதைப் பார்த்தால் அந்நியமாக உணரமாட்டார் என்றே நினைக்கிறோம்.

நம் கருத்து இதுதான். அமெரிக்கரான கேரல் ஸ்மித் பந்தயத்திலேயே உழன்றவர். தான் கைப்பட அறிந்ததை 1975இலும் 1978இலும் ‘பிரிப்பேர் டு வின்’, ‘டியூன் டு வின்’ என்று நூல்களாக்கினார். இன்றும் பட்டறைகளில் எண்ணெய்க் கறையோடு அவை புரட்டப்படுகின்றன. நம் பெரியவருக்கு அதே அறிவு தமிழில் இருக்கிறது, வாய்மொழியாக. அவர் கேம்பர் என்றும் சொல்வார், சாய்வு என்றும் சொல்வார். ஆட்டம், இழுப்பு, பிடிமானம், பின்பாரம் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். கலைச்சொல் குழுக்கள் அறைக்குள் அமர்ந்து ஆக்கும் சொற்களுக்கு உயிர் வருவதில்லை என்று புலம்புகிறோமே, உயிருள்ள சொற்கள் கொட்டகைகளில் வயதாகிக்கொண்டிருக்கின்றன. பறையடிப்பவரிடமும் பாவைக்கூத்துக் கலைஞரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று உட்காரும் நம் இதழ்கள், சோழவரத்தில் ஸ்பேனர் பிடித்த ஒருவரிடம் ஏன் சென்று உட்காரவில்லை? நாட்டார் வழக்காறு வேட்டி கட்டியிருக்க வேண்டும், கிரீஸ் பூசியிருக்கக் கூடாது என்று எங்காவது விதி இருக்கிறதா?

2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 வண்டிகள் ஓடியபோது நம் வட்டாரத்தில் நடந்த விவாதம் முழுவதும் செலவு, சாலை மறிப்பு, அரசியல் பற்றியே. நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அந்த வண்டிகளை யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார் என்ற கேள்வி எவர் வாயிலும் வரவில்லை.

இதை எழுத எவரும் பந்தய வீரராக வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையிலோ பந்தய நாளில் பார்வையாளர் மேடையை விட்டுவிட்டு, அனுமதி பெற்று, வண்டி நிறுத்தும் கொட்டகைப் பக்கம் போய் நின்றால் போதும். கேட்க வேண்டியவை சில்லறைக் கேள்விகள்: முதலில் எதைத் தொடுவீர்கள்? மழை வந்தால் எதை இளக்குவீர்கள்? இந்தச் சொல்லை யாரிடம் கற்றீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒரு பரம்பரையே கிடைக்கக்கூடும்.

நண்பர் இப்போது அந்த வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார், தமிழில்தான். நான்கு சக்கர எடை, காற்று, நூல் அளவு, அன்றைய வெயில், எத்தனை திருகு எந்தப் பக்கம் என்பவை வரிசையாக இருக்கின்றன. பற்றவைப்பு முடிந்து எடுத்த அளவின் கீழே, “பின்இடம் இன்னும் கொஞ்சம் கனம். பெரியவர் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்” என்று எழுதியிருக்கிறது. மேற்கொண்டு பக்கங்களை அனுப்பினால் இங்கே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.