சின்ன ஸ்பீக்கர் பாடுகிறது, பெட்டி யாருடையது?

கடைக்காரர் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பாட விடுகிறார். விலை 10 ஆயிரம் ரூபாய்தான். பாட்டு தேனாய்ப் பாய்கிறது. குடும்பமே தலையாட்டுகிறது. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!

அந்த ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் பெட்டிக்கு ஆம்பிளிபயர் என்று பெயர். அதன் விலை என்ன என்று கேளுங்கள். 2 லட்சமாக இருக்கலாம்! மட்டமான அரிசியில் நெய்யையும் முந்திரியையும் கொட்டிப் பொங்கல் வைத்தால், அரிசியின் குணம் எப்படித் தெரியும்?

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. மலிவான பொருளின் திறமையைக் காட்ட இது நல்ல வழிதான். லண்டனில் தொடங்கிய 'நாட்' கம்பெனி 1978-ல் '3020' என்ற ஆம்பிளிபயரைக் கொண்டுவந்தது. நார்வே நாட்டு எஞ்சினீயர் எட்வர்ட்சன் அமைத்தது. சக்தி வெறும் 20 வாட். விலையும் குறைவு. ஆனால் தன்னைவிட விலை கூடிய ஸ்பீக்கர்களையும் அது நன்றாகப் பாட வைத்தது. அதனால்தான் உலகமெங்கும் பெயர் வாங்கியது.

அப்படிக் காட்டட்டும். கூட இருக்கும் சாமானின் விலையையும் அட்டையில் எழுதி வைக்க வேண்டாமா?

சத்தத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டில் எது சற்று உரக்கப் பாடுகிறதோ, அதுவே உசத்தி என்று காது நம்பிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு, நீங்கள் வாங்கக்கூடிய ஆம்பிளிபயரை இணைத்து, அதே பாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!