ஐரோப்பிய ஐக்கியமும் தேசங்களின் அரசியல் சட்டமும்

பல தேசங்கள் ஒன்றுகூடி ஓர் ஐக்கியம் அமைக்கின்றன. ஐக்கியத்தின் சட்டம் ஒன்று சொல்லுகிறது. அங்கத்தினர் தேசத்தின் அரசியல் சட்டம் வேறொன்று சொல்லுகிறது. இரண்டில் எது மேலானது? ஐரோப்பாவில் இக்கேள்வி எழுந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இன்னும் ஏற்படவில்லை. இது வக்கீல்கள் தமக்குள் வாதாடிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அதிகாரம் யாரிடமிருந்து பிறக்கிறது, யாருடைய சம்மதத்தின் பேரில் அது கைமாறுகிறது என்பதே இதன் உட்பொருள். சுயராஜ்யத்தின் அருமையை அறிந்தவர்கள் இதைக் கவனியாமல் இருத்தல் தகாது.

1951-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்னும் ஆறு தேசங்கள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவர இசைந்தன. 1957-ல் ரோமாபுரியில் செய்துகொண்ட உடன்படிக்கையினால் பொதுச் சந்தை ஏற்பட்டது. அந்த ஆறு இன்று இருபத்தேழாகப் பெருகி, ஏறத்தாழ 45 கோடி ஜனங்களை உட்கொண்டிருக்கிறது. எனினும் இந்த ஐக்கியத்திற்குத் தனக்கென்று ஓர் அரசியல் சட்டம் இல்லை. உடன்படிக்கைகளே அதன் ஆதாரம். அவற்றைத் திருத்த வேண்டுமானால், ஒவ்வொரு தேசமும் தன் அரசியல் சட்டம் விதித்த முறைப்படி அங்கீகரித்தாக வேண்டும். ஒரு தேசம் மறுத்தாலும் திருத்தம் நின்றுபோகும்.

நம் தேசத்தின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்திலிருந்தே ராஜ்யங்கள் தம் அதிகாரத்தைப் பெறுகின்றன; அவற்றின் எல்லையையும் பெயரையும் மாற்றக்கூடப் பார்லிமெண்டுக்கு உரிமை உண்டு. ஐரோப்பாவிலோ அங்கங்களே ஐக்கியத்தைப் பெற்றெடுத்தவை. பெற்றவளுக்குப் பிள்ளை உத்தரவிடலாமா என்பதுதான் அங்கே தகராறு.

தகராறு ஓர் அற்பத் தொகையிலிருந்து ஆரம்பமாயிற்று. 1962-ல் இத்தாலி சர்க்கார் மின்சாரக் கம்பெனிகளை தேசிய உடைமையாக்கினர். மிலான் நகரத்து வக்கீல் ஒருவர், இது ரோமாபுரி உடன்படிக்கைக்கு விரோதமென்று கூறி, மின்சாரக் கட்டணம் செலுத்த மறுத்து வழக்காடினார். 1964-ல் ஐரோப்பிய நீதிமன்றம், தேசத்தின் எந்தச் சட்டமும் ஐக்கியத்தின் சட்டத்திற்கு மேற்பட்டதாகாது என்று தீர்ப்பளித்தது. உடன்படிக்கையின் வாசகத்தில் இப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு தேசமும் தன் இஷ்டப்படி விலகிக்கொள்ளுமானால் பொதுச் சட்டம் என்பதே இராது என்பது நீதிமன்றத்தின் நியாயம். அந்த நியாயத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் தேசங்களின் அரசியல் சட்டங்கள் அதை ஒரே விதமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஹாலந்தின் அரசியல் சட்டம் யாவரையும் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கைகளுக்கு வழிவிட்டு நிற்கிறது. அங்கே சச்சரவு குறைவு. டென்மார்க்கின் அரசியல் சட்டமோ, அதிகாரத்தை வெளி ஸ்தாபனத்திற்கு ஒப்படைக்க வேண்டுமானால் பார்லிமெண்டில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும், அது இல்லையேல் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது. ஆகவேதான் 1992 ஜூன் மாதத்தில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டேனிஷ் ஜனங்கள் 50.7 சதவீத வாக்குகளால் நிராகரிக்க முடிந்தது. பொது நாணயம் முதலான நான்கு விஷயங்களில் விலக்கு அளித்த பின்னரே, 1993 மே மாதத்தில் அவர்கள் சம்மதித்தனர்.

அயர்லாந்தின் கதை இன்னும் விசேஷமானது. 1986-ல் கையெழுத்தான ஒரு திருத்த உடன்படிக்கையைப் பார்லிமெண்டின் அனுமதியோடு ஏற்க சர்க்கார் முற்பட்டபோது, ரேமண்ட் குரோட்டி என்ற பொருளாதார அறிஞர் தனியொருவராக நீதிமன்றம் சென்றார். 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கொள்கையை வகுக்கும் உரிமையை ஜனங்களிடமிருந்து பெற்ற சர்க்கார், அவர்களைக் கேளாமல் அதைப் பிறருடன் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்பது தீர்ப்பின் கருத்து. ஐரோப்பா முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. ஜனங்களைக் கேட்டார்கள், அவர்கள் சம்மதித்தார்கள். அன்று முதல் முக்கியமான ஒவ்வொரு திருத்தமும் அந்நாட்டில் ஜனங்கள் முன்பு வைக்கப்படுகிறது.

ஜெர்மனியின் பங்கே யாவற்றிலும் பெரியது. ஹிட்லர் ஆட்சியின் அழிவிலிருந்து 1949-ல் பிறந்த அதன் அடிப்படைச் சட்டம், ஐக்கிய ஐரோப்பாவில் சமத்துவமான அங்கமாக இருந்து உலக சமாதானத்திற்குத் தொண்டு செய்வதை முகவுரையிலேயே லக்ஷியமாகக் கூறுகிறது. அதே சட்டம், மனிதரின் கண்ணியத்தையும் ஜனநாயகத்தின் அடிப்படைகளையும் எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாது என்றும் விதித்திருக்கிறது. ஐக்கியத்தை வேண்டுவதும் அதற்கு எல்லை வகுப்பதும் ஒரே சட்டம்தான். 1974-ல் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம், ஐக்கியத்தில் பிரஜைகளின் உரிமைகளுக்குப் போதிய பாதுகாப்பு ஏற்படாத வரையில், ஐக்கியச் சட்டங்களைத் தான் பரிசீலிக்கவே செய்யும் என்று அறிவித்தது. ஐக்கியத்தின் பரம சிநேகிதர்கள் பதறினார்கள். விளைந்தது என்ன? ஐரோப்பிய நீதிமன்றம் அடிப்படை உரிமைகளைப் பற்றிய தன் கொள்கையைத் தீர்ப்புக்குத் தீர்ப்பு வலுப்படுத்திக்கொண்டு வந்தது. 1986-ல் ஜெர்மன் நீதிமன்றம் திருப்தியடைந்து, இந்தப் பாதுகாப்பு நீடிக்கும் வரையில் தான் பரிசீலிப்பதில்லை என்றது. 2000-ல் பிரகடனம் செய்யப்பட்ட உரிமை சாசனம் 2009-ல் சட்ட பலம் பெற்றது. ஒரு தேசத்தின் அரசியல் சட்டம் குறுக்கே நின்றதனால் ஐக்கியம் பலவீனமடையவில்லை, பண்பட்டது.

ஆனால் அரசியல் சட்டத்தின் பெயரால் செய்யப்படும் எதிர்ப்பு யாவும் இத்தகையது அல்ல. 2021 அக்டோபர் 7-ந் தேதி போலந்தின் அரசியல் சட்ட நீதிமன்றம், ஐக்கிய உடன்படிக்கையின் சில ஷரத்துக்கள் தங்கள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று தீர்ப்புக் கூறியது. வழக்கைத் தொடுத்தவர் பிரதம மந்திரியே. அந்த நீதிமன்றத்தின் நியமனங்களே 2015 முதல் தகராறுக்குட்பட்டிருந்தன. நீதிபதிகளைத் தண்டிக்க ஏற்படுத்திய ஒரு சபையை நிறுத்தி வைக்கும்படி இட்ட உத்தரவை மீறியதற்காக, அதே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் போலந்து சர்க்காருக்கு நாளொன்றுக்குப் பத்து லக்ஷம் யூரோ அபராதம் விதித்தது. ஜெர்மனியில் பிரஜையின் உரிமைக்காக அரசியல் சட்டம் உயர்த்திப் பிடிக்கப்பட்டது. போலந்தில் நீதிபதிகள் மீது சர்க்காருக்குள்ள பிடியைக் காப்பதற்காக அது கேடயமாக்கப்பட்டது. கோஷம் ஒன்றுதான், காரியம் வேறு.

ஜெர்மனியும் எப்போதும் பிழையற்றது என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பிய மத்திய பாங்கி சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கியது செல்லுமென்று 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்க, 2020 மே மாதத்தில் ஜெர்மன் நீதிமன்றம் அத்தீர்ப்பையே அதிகாரத்திற்குப் புறம்பானது என்றது. விவகாரம் சமரசமாக முடிந்தது உண்மை. ஆனால் அந்த முன்மாதிரி, தகுதியற்றவர்கள் கையில் ஆயுதமாகக் கூடும் என்ற அச்சம் அப்போதே எழுந்தது. அடுத்த ஆண்டே வார்ஸாவில் அது உண்மையாயிற்று.

மறுபுறத்தில், ஐக்கியத்தின் தலைவர்கள் மீதும் குற்றம் இல்லாமல் இல்லை. 2005-ல் ஐரோப்பாவுக்கு ஓர் அரசியல் சட்டம் வகுக்கும் உடன்படிக்கையை பிரான்ஸ் ஜனங்கள் சுமார் 55 சதவீதமும், ஹாலந்து ஜனங்கள் 61 சதவீதத்திற்கு மேலும் எதிர்த்து வாக்களித்து வீழ்த்தினார்கள். அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயருடன் திரும்பி வந்தது. இம்முறை அவ்விரு தேசங்களிலும் ஜனங்களைக் கேட்கவில்லை, பார்லிமெண்டுகளே அங்கீகரித்தன. அரசியல் சட்டம் கட்டாயப்படுத்திய அயர்லாந்தில் மாத்திரம் ஜனங்களைக் கேட்டார்கள். அவர்கள் 2008-ல் 53.4 சதவீதத்தால் மறுத்தனர். ராணுவ நடுநிலைமை, வரி விதிப்பு முதலியவை பற்றி வாக்குறுதிகள் பெற்று, 2009-ல் 67.1 சதவீதத்தால் ஏற்றனர். இரண்டு முறை கேட்டதைப் பலர் பரிகசிக்கிறார்கள். நாம் அப்படிப் பரிகசிக்கவில்லை. மறுப்பின் காரணத்தை அறிந்து பரிகாரம் செய்து மீண்டும் கேட்பது ஜனநாயகமே. கேளாமல் விடுவதுதான் ஜனநாயகம் அல்ல.

இவற்றிலிருந்து நாம் காண்பது என்ன? அங்கத்தினர் தேசத்தின் அரசியல் சட்டம் ஐக்கியத்திற்குப் பகையன்று; அதுவே ஐக்கியத்திற்குள் ஜனங்கள் பிரவேசிக்கும் வாசல். வாசல் குறுகலாக இருப்பதால் தாமதம் உண்டு. லிஸ்பனுக்குப் பின் பெரிய திருத்தம் எதுவும் நிறைவேறாதிருப்பதும் மெய்யே. அதற்காக வாசலை அடைத்து மதிலேறிக் குதிப்பவர்கள், உள்ளே சேர்த்த அதிகாரத்தை நெடுநாள் வைத்துக் காக்க முடியாது. பிரிட்டனில் எழுதப்பட்ட அரசியல் சட்டமே இல்லை. 1972-ல் பார்லிமெண்டின் ஒரு சட்டத்தினால் அந்நாடு ஐக்கியத்தில் சேர வழி செய்யப்பட்டது. 2016-ல் 51.9 சதவீத வாக்குகளால் விலக முடிவு செய்து, 2020 ஜனவரி 31-ந் தேதி வெளியேறியது.

எனவே, அரசியல் சட்டத்தைக் காட்டி ஐக்கியத்தை மறுக்கும் எவரையும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அதனால் காக்கப்படுவது பிரஜையின் உரிமையா, ஆள்வோரின் சௌகரியமா? முந்தியதாயின், எத்தனை தாமதம் நேர்ந்தாலும் ஐக்கியம் வணங்கி நிற்க வேண்டும். பிந்தியதாயின், அது எந்தத் தேசத்தின் திருநாமத்தில் வந்தாலும் ஐக்கியம் விட்டுக்கொடுக்கலாகாது.